கலப்பைக்கு ஓர் இடம்

தமிழாசிரியரிடம் யோசனை கேட்டு வருபவர்கள் பிறந்த குழந்தைக்குப் பெயர் கேட்பார்கள். திருமண அழைப்பிதழில் ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்பார்கள். கடை திறப்பவர்கள் பெயர்ப்பலகையைப் படம் பிடித்து அனுப்பிப் பிழை பார்க்கச் சொல்வார்கள். இருபது ஆண்டுக் கல்லூரிப் பணியில், கார் வாங்குவதற்கு நம்மிடம் யோசனை கேட்டவர் ஒரே ஒருவர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். விடைத்தாள் மதிப்பீட்டுக்காக நாம் கோவை சென்றிருந்த நாளில் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, கோல்ஃப் பை படுக்கிற மாதிரி டிக்கி இருக்கிற கார் பார்க்கணும். சாயங்காலம் கூட வர முடியுமா?"

நாம் கல்லூரிக்குப் போய்வருவது பதினோரு ஆண்டு உழைத்த ஸ்கூட்டரில். கோல்ஃப் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்கூட முழுமையாகப் பார்த்ததில்லை. அதைச் சொன்னோம். "உங்களுக்குத் தெரிய வேண்டாம் ஐயா, கூட நின்றால் போதும்" என்றார். கூட நிற்பதற்கு ஏன் ஒருவர் வேண்டியிருந்தது என்பது ஷோரூம் வாசலில்தான் விளங்கியது.

இலக்கியம் பேசும் இடத்தில் கோல்ஃப் மட்டைக்கும் கார் டிக்கிக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது ஏக்கர் ஏக்கராகப் புல்லுக்கு நீர் பாய்ச்சும் ஆட்டம் அது, செல்வர்களின் பொழுதுபோக்கு என்ற கருத்து நமக்கும் உண்டு. அதை இந்தக் கட்டுரை மாற்றப் போவதில்லை. ஆனால் செல்வர்களின் ஆட்டம் என்று சொல்லி முடிக்கும்போது ஒரு கூட்டத்தை மறந்துவிடுகிறோம். அந்த ஆட்டத்தில் மட்டையை வீசுபவர் ஒருவர். மட்டைப் பையைச் சுமப்பவர் இன்னொருவர்.

இந்தியாவில் கோல்ஃப் மிகப் பழையது. கல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. நம் பக்கத்தில் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் அமைந்தது. மோட்டார் சாலை வருமுன் துரைகளையும் அவர்தம் பெட்டிகளையும் அந்த மலைமேல் ஏற்றியவை மனிதத் தோள்கள். மேலே போன பிறகும் அவர்களது மட்டைகளைத் தோள்கள்தாம் சுமந்தன. பதினெட்டுக் குழி ஆட்டம் ஒன்றுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். மலை மைதானமென்றால் ஏறியும் இறங்கியும் நடக்க வேண்டும். நிறைந்த பையின் எடை பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. ஓர் ஆட்டத்துக்குப் பதினான்கு மட்டைகளுக்கு மேல் கூடாது என்னும் விதி 1930களின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் இருபத்தைந்து, முப்பது மட்டைகளைச் சுமக்கச் செய்த ஆட்டக்காரர்களும் இருந்தார்கள்.

சுமந்தவர்களில் சிலர் மட்டையைக் கையில் எடுத்தார்கள். 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், தில்லி மைதானத்தில் பை சுமந்து வளர்ந்தவர். 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை, மேலே சொன்ன அதே ராயல் கல்கத்தா கிளப்பில் புல்வெளி பராமரித்த தொழிலாளி. 2009இல் இந்தியன் ஓப்பனை வென்ற பெங்களூரின் சின்னசாமி முனியப்பாவும் பை தூக்கும் வேலையிலிருந்து மேலே வந்தவர். நம் மாணவர் இவர்களைப் போலப் பட்டம் எதுவும் வென்றவர் அல்லர். மலையூர் மைதானம் ஒன்றில் முப்பது ஆண்டு பை சுமந்தவரின் மகன். தாமும் விடுமுறை நாள்களில் சுமந்தவர். இன்று கோவையில் சிறுவர்களுக்கு கோல்ஃப் கற்பித்துப் பிழைப்பவர். அவருக்கு அந்தப் பை, நமக்குச் சுண்ணக்கட்டியும் பாடநூலும் எப்படியோ அப்படி. வாரத்தில் மூன்று நாள் மூன்று இடங்களுக்கு அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பேருந்தில் ஏற்றினால் நடத்துநர் முறைக்கிறார். இரு சக்கர வாகனத்தில் வைத்தால் திருப்பத்தில் சாய்கிறது.

பை சுமப்பவரை அந்த ஆட்டத்தில் கேடி என்பார்கள். இளையவர், படைப்பயிற்சி பெறும் இளைஞர் என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல் ஸ்காட்லாந்துக்கு வந்து, எடுபிடி வேலைக்கு நிற்கும் பையனைக் குறித்து, பின்பு மட்டைப்பை சுமப்பவருக்கு நிலைத்தது. தமிழ்நாட்டில் அந்த ஒலிக்கு ஏற்கெனவே வேறொரு பொருள் உண்டு. காவல்துறையின் பழைய குற்றவாளிப் பதிவேட்டில் இருந்த இரண்டு ஆங்கில எழுத்துகளிலிருந்து பிறந்த 'கேடி' அது. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே வருகின்றன.

முதலாண்டில் அந்த மாணவர் திங்கட்கிழமைதோறும் தாமதமாக வருவார். ஒருநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் காரணம் கேட்டோம். "கேடி வேலைக்குப் போயிருந்தேன் ஐயா. காலை முதல் பஸ்ஸில்தான் இறங்க முடிந்தது" என்றார். வகுப்பு சிரித்தது. அத்துடன் விட்டிருக்கலாம். "வாருங்கள், திங்கட்கிழமைக் கேடி" என்று நாமும் ஒன்று சொன்னோம். சொல்விளையாட்டில் மகிழ்வது தமிழாசிரியர்களின் தொழில்நோய். அந்தப் பெயர் மூன்றாண்டு அவரை விடவில்லை. கல்லூரி ஆண்டுவிழாவில் மேடையிலிருந்தே ஒரு மாணவன் அவரை அப்படிக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. அவர் அன்றும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்று மாலை ஷோரூமுக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். வெள்ளைச் சட்டையும் நரைத்த தலையுமாக நாம் முன்னால் நடந்தோம். தோளில் பையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். காருக்குள் பை அடங்குகிறதா என்று பார்க்கப் பையையே கொண்டுவருவதென்று முடிவு செய்திருந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்த விற்பனைப் பிரதிநிதி நமக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்: "வாங்க சார், கோல்ஃப் ஆடுவீங்களா? ரொம்ப சந்தோஷம். டிரைவரை அந்தப் பையை ஓரமா வச்சுட்டு வெளிய நிக்கச் சொல்லுங்க, நாம பேசலாம்."

வாழ்நாளில் ஒரு மட்டையைக்கூடத் தொட்டறியாத நாம் ஆட்டக்காரர். ஆட்டக்காரர் நம் டிரைவர். யார் முன்னே வந்தார், யார் தோளில் சுமை இருந்தது என்ற இரண்டு செய்திகளிலிருந்து அந்த இளைஞர் கணக்குப் போட்டுவிட்டார். நமக்குச் சினம் வந்தது. ஆனால் வார்த்தை நாக்கு வரை வந்து நின்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நாம் போட்டதும் இதே கணக்குத்தானே? விற்பனைப் பிரதிநிதியாவது அறியாமல் செய்தார். எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்தே சொன்னவர் நாம்.

"ஐயா ஆடமாட்டாங்க. நான்தான் ஆடுறேன். வண்டியும் எனக்குத்தான்" என்றார் மாணவர், குரல் உயராமல். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த அந்த இளைஞரின் முகம் சிறுத்துப்போயிற்று. அதன்பின் அவர் காட்டிய பரிவுக்குக் குறையில்லை. காரின் விளக்கேட்டைப் பிரித்து, "டிக்கி 382 லிட்டர் சார், தாராளமா அடங்கும்" என்று உறுதியாகச் சொன்னார்.

அடங்கவில்லை. குறுக்கே வைத்தால் சக்கர வளைவில் முட்டியது. சாய்த்து வைத்தால் மூடி மூடவில்லை.

382 லிட்டர் பொய் இல்லை. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பின்னர் தேடிப் படித்தோம். ஐரோப்பிய வழிப்படி, 200 மில்லிமீட்டர் நீளம், 100 அகலம், 50 உயரம் கொண்ட சிறு கட்டைகளை டிக்கிக்குள் அடுக்குகிறார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். எத்தனை கட்டை அடங்கியதோ அத்தனை லிட்டர். கட்டை சிறியது; மூலை முடுக்குகளில் எல்லாம் புகுந்துவிடும். கோல்ஃப் மட்டை புகாது. பையிலேயே நீளமான மட்டைக்குப் பெயர் டிரைவர். விதிப்படி அது 48 அங்குலம் வரை இருக்கலாம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 45 முதல் 46 அங்குலம், ஏறத்தாழ 115 சென்டிமீட்டர். பையோடு சேர்த்து அளந்தால் நம் மாணவரின் சுமை 126 சென்டிமீட்டர் வந்தது. லிட்டர் என்பது கொள்ளளவு. அவருக்கு வேண்டியதோ நீளம். நீளத்தைக் கேட்டவருக்குக் கொள்ளளவைச் சொன்னால், பசியென்று வந்தவருக்குப் பாத்திரத்தின் எடையைச் சொன்ன கதைதான்.

ஒரே எண் இரண்டு வேறு இடங்களைக் குறிக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு அந்தக் கடைத்தெருவிலேயே இருந்தது. 2024இல் வந்த டிசையர் செடானின் டிக்கி 382 லிட்டர். 2023இல் புதுப்பிக்கப்பட்ட நெக்ஸானின் டிக்கியும் 382 லிட்டர். முன்னது தாழ்ந்து நீண்ட பெட்டி. பின்னது உயர்ந்து நிற்கும் பெட்டி. பெரிய சூட்கேஸ் ஒன்றை நிமிர்த்தி வைக்க வேண்டியவருக்கும் சாக்குமூட்டையைக் கிடத்த வேண்டியவருக்கும் இவை இரண்டும் ஒன்றல்ல. விளக்கேட்டில் மட்டும் ஒன்று.

நம் நாட்டுச் சிறு செடான்களின் பின்பக்கம் நறுக்கியதுபோல் இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2006ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. சிறிய கார் என்பதற்கு அது தந்த இலக்கணம்: நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும், எஞ்சின் பெட்ரோலானால் 1200 சிசி, டீசலானால் 1500 சிசி அளவுக்குள் இருக்க வேண்டும். 2008இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர். டிக்கி 440 லிட்டர். 2012இல் அதே பெயரில் வந்த வண்டியின் நீளம் 3995 மில்லிமீட்டர். டிக்கி சுமார் 316 லிட்டர். ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து இலக்கணத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். குறைந்தது பின்னால் ஏற்றும் மூட்டைக்கான இடம். இப்போது ஜிஎஸ்டியிலும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே நிற்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு வரி 18 விழுக்காடு. தாண்டியவற்றுக்கு 40 விழுக்காடு. சிறிய காருக்குக் குறைந்த வரி விதிப்பது சரியானதே. நெரிசலும் எரிபொருள் செலவும் அதனால் குறையும். ஆனால் நடுத்தரக் குடும்பத்தின் டிக்கி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதும் அந்தக் கோட்டிலேயே முடிவாகிவிடுகிறது என்பதை எவரும் பேசிக் கேட்டதில்லை.

ஜப்பானில் இதற்கு நேர்மாறான வழக்கம் உண்டு. அங்கே பெரிய செடான் கார்களின் விளக்கேடுகளில் லிட்டரோடு நிற்பதில்லை. ஒன்பதரை அங்குலப் பருமனுள்ள கோல்ஃப் பை எத்தனை அடங்கும் என்று அச்சிடுவது நெடுநாள் வழக்கம். நான்கு அடங்கும் என்றால் நால்வர் ஒரு வண்டியில் ஆடப் போகலாம் என்று பொருள். வணிக உலகின் பேச்சுவார்த்தைகள் கோல்ஃப் மைதானத்தில் நடந்த நாடு அது. அதனால் வந்த வழக்கம். செல்வர் வழக்கம்தான் என்றாலும் அதன் முறை நமக்குப் பிடித்திருக்கிறது. அருவமான எண்ணைச் சொல்லாமல் பொருளைச் சொல்லி அளக்கிறார்கள். நம் ஊர் விளக்கேட்டில், இந்த டிக்கியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை எத்தனை, மிருதங்கம் எத்தனை, சக்கர நாற்காலி மடித்து வைக்கலாமா என்று போட்டால் என்ன? நாகசுரக் குழுவுடன் போகும் தவில்காரரும், முதிய தாயை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் மகளும் இன்று லிட்டரைப் படித்துவிட்டு ஏமாந்துதான் வருகிறார்கள்.

அந்த மாலையில் மூன்று கடை ஏறி இறங்கினோம். உயரமான சிறு எஸ்யூவி ஒன்றில் பின்னிருக்கையின் ஒரு பகுதியை மடக்கியதும் பை சொகுசாகப் படுத்தது. விலையும் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. இதையே முடித்துவிடலாம் என்றோம். மாணவர் மடங்கிய இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவேன் ஐயா. அப்பா, அம்மா, வீட்டுல, பிள்ளைங்க ரெண்டு பேரு. சீட்டை மடக்கினா பை ஏறும், அப்பா இறங்கணும்."

முப்பது ஆண்டு அந்தப் பையைத் தோளில் சுமந்தவரை, பைக்கு இடம் வேண்டி இறக்கிவிட முடியுமா? கார் தேர்வுக்கு இதைவிடத் தெளிவான அளவுகோலை நாம் கேட்டதில்லை. மைலேஜ், திரையின் அகலம், கூரையில் ஜன்னல் உண்டா என்பவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இறுதியில் அவர் வாங்கியது நான்கு மீட்டரைத் தாண்டிய, ஏழாண்டு ஓடிய செடான் ஒன்று. அந்த அளவில் புதிய வண்டி வாங்க வரியோடு சேர்த்து அவரால் ஆகாது. நண்பர்கள் சிலர் கேலி செய்தார்களாம்: ஊரே எஸ்யூவி வாங்குகிறது, நீ பழைய செடான் வாங்கியிருக்கிறாயே என்று. உயரமான வண்டியில் போகிறவருக்குக் கிடைக்கும் மதிப்பு தாழ்ந்த வண்டியில் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. அது நமக்கும் தெரியும். வருடத்தில் இரண்டு முறை போகிற மண்பாதைக்காகத் தரை உயரம் பார்க்கிறோம். தினமும் ஏற்றும் சுமைக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வண்டி பிறர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை வைத்தே வாங்கிப் பழகிவிட்டோம்.

இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் நீளமான பொருளொன்றைக் காரில் ஏற்றும் தேவை இருந்தால், அந்த ஒரு மாலையில் கற்றவற்றைச் சொல்லிவிடுகிறோம். பொருளையே கடைக்குக் கொண்டுபோங்கள், வெட்கப்பட வேண்டாம். முடியாவிட்டால் அதே நீளத்துக்கு ஒரு கம்பு கொண்டுபோங்கள். டிக்கியை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: சக்கர வளைவுகளுக்கு இடையே, அவற்றுக்குப் பின்னால் குழிந்திருக்கும் மூலைகளுக்கு இடையே, திறக்கும் வாயின் அகலம். உள்ளே அகலமும் வாயில் குறுகலுமாக இருக்கும் டிக்கிகள் உண்டு. மூலைக்கு மூலை குறுக்குக்கோட்டை நம்பிவிட வேண்டாம். அகலம் 100, ஆழம் 70 சென்டிமீட்டர் என்றால் குறுக்குக்கோடு 122 வரும் என்று பள்ளிக்கணக்கு சொல்லும். கோட்டுக்குப் பருமன் இல்லை; பைக்கு உண்டு. செடான் மூடியைத் தாங்கும் வளைந்த கம்பிகள் மூடும்போது எங்கே இறங்குகின்றன என்று பாருங்கள். சுமையின்மேல் இறங்கினால் எண்ணெல்லாம் வீண். எரிவாயு உருளை பொருத்திய வண்டி என்றால் உருளை எங்கே இருக்கிறது என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். டிக்கியின் உதடு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். அந்த உயரத்துக்கு உங்கள் முதுகு சுமையைத் தூக்க வேண்டும். இன்னொன்று மட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் நாள்கணக்கில் பையை விட்டுவைத்தால் பிடியின் ரப்பர் இறுகும்; தலையைத் தண்டோடு ஒட்டியிருக்கும் பசை தளரும்.

நாம் டிக்கி என்று வழங்குவதும் ஆங்கிலச் சொல்தான். ஆனால் காரின் பின்பெட்டியை இங்கிலாந்தில் அப்படிச் சொல்வதில்லை. குதிரைவண்டிக் காலத்தில் வண்டிக்கு வெளியே, பின்புறம், வேலையாள் அமர்வதற்கு இருந்த இருக்கைக்கு அந்தப் பெயர். கார் வந்த தொடக்கத்தில் பின்னால் மடக்கித் திறக்கும் கூரையில்லாத இருக்கையையும் அப்படியே அழைத்தார்கள். பின்பு அந்த இருக்கை போயிற்று, சாமான் வைக்கும் பெட்டி வந்தது, சொல் மட்டும் நம் நாட்டில் தங்கிவிட்டது. வேலையாள் உட்கார்ந்த இடத்தில் இப்போது மூட்டை இருக்கிறது. கேடி, டிக்கி என்ற இரண்டு சொற்களும் சுமந்தவர்களின் சொற்கள். இரண்டையும் நாம் யோசிக்காமலே பயன்படுத்தி வந்திருக்கிறோம். ஒன்றைப் பயன்படுத்தி ஒருவரைப் புண்படுத்தியும் இருக்கிறோம்.

புறநானூற்றில் அதியமானின் வாயிற்காவலனை நோக்கி ஔவையார் பாடிய பாட்டு ஒன்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அதில் வரும் கலப்பை, ஏர் அன்று. கலங்களை, அதாவது இசைக் கருவிகளை, இட்டு வைக்கும் பை. பரிசில் நீண்ட நேரம் தாமதிக்க, கருவிப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடத் துணிந்தவரின் பாட்டு அது. தொழிற்கருவி கையில் இருப்பவருக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்ற துணிவு. அந்தச் சொற்பொருளை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். கலப்பையைத் தோளில் மாட்டியவர் ஒருவர் வாயிலில் தடுக்கப்படுவதை நேரில் பார்த்தது அந்த மாலையில்தான். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து அதே பாட்டைப் படித்தவர். நினைவிருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை.

வண்டி வந்த அடுத்த ஞாயிறு, ஊருக்குப் போகும் வழியில் நம் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். மனைவியும் பிள்ளைகளும் தாயாரும் விடுமுறைக்கு முன்பே மலைக்குப் போய்விட்டார்கள். மருத்துவரைப் பார்க்கக் கோவை வந்திருந்த தந்தையை இவர் அழைத்துப் போகிறார். நம்மையும் மலைக்கு ஒருநாள் வரச் சொன்னார்கள். நம் பையை வைப்பதற்காக மாணவர் டிக்கியைத் திறந்தார். மட்டைப்பை குறுக்கே கோணலாகக் கிடந்தது. மூடி அழுந்தித்தான் மூடியிருக்கிறது.

தந்தை இறங்கி வந்தார். எழுபதை நெருங்கும் வயது. வலத்தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. "இப்படியாடா வைக்கிறது?" என்று மகனை விலக்கினார். பையின் வாயில் கைவிட்டு, எல்லாவற்றிலும் நீண்டதை உருவி எடுத்தார். "டிரைவரைத் தனியா எடுத்துடணும். எல்லாத்துக்கும் நீளம் அதுதான். அதை எடுத்துட்டா மத்தது அடங்கிரும்." உறையோடு அதைப் பின்னிருக்கைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பையின் அடியை ஒரு மூலைக் குழிவில் நுழைத்து, தலைப்பக்கத்தை மறு மூலையில் மெல்ல இறக்கினார். நேராகப் படுத்தது. பக்கத்தில் இன்னொரு பைக்கும் இடம் இருந்தது. அளவு நாடாவும் பள்ளிக்கணக்கும் கொண்டு மூன்று கடையில் நாங்கள் தேடிய விடையைப் பார்த்த பார்வையில் சொல்லிவிட்டார். முப்பது ஆண்டு, எத்தனையோ பேருடைய கார்களின் டிக்கியில் எத்தனையோ பைகளை வைத்தும் எடுத்தும் இருந்தவர். சொந்த டிக்கியில் வைப்பது அன்று முதல்முறை.

நாம் மாணவரிடம் அந்தத் திங்கட்கிழமைகளைப் பற்றி அன்று பேசினோம். என்ன பேசினோம் என்பதை எழுதப் போவதில்லை. "அதெல்லாம் விடுங்க ஐயா" என்றார். விட்டுவிட வேண்டியது அவர், நாம் அல்லோம்.

தந்தை மூடியை மூடினார். ஒருமுறை திறந்து, மறுபடியும் மூடிப் பார்த்தார். பிறகு முன்னிருக்கையின் கதவைத் திறந்து, "வாத்தியாரய்யா, நீங்க முன்னாடி உட்காருங்க" என்றார்.

நாம் பின்னிருக்கையில் அமர்ந்துகொண்டோம்.